வீட்டில் கேட்டு வாங்க வேண்டிய ஒரு மணி நேரம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. மற்ற வாசகர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 27. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், பழக்குலை லோரிகளை எடை போடும் இடத்தில் கிராணி (எழுத்தர்) வேலை. தோட்டத்து லயத்தை விட்டு வந்து டவுனுக்குப் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) ஒரு மலிவு விலை வீடு, அதில் அப்பா, அம்மா, தம்பி, பாட்டி. பாட்டியோடு ஒரே அறையில் தூக்கம். ஞாயிறுதோறும் ஈப்போவில் கணக்கியல் டிப்ளோமா பகுதிநேர வகுப்பு, நவம்பரில் தேர்வு. இனி நீங்கள் எழுதியது அப்படியே:

"அக்கா, தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிறேன், பத்தரைக்கு மூடுகிறேன், நடுவில் என்ன படித்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. யூடியூபில் பார்த்து, நான்கரை மணிக்கு எழுந்திருக்கிற மாதிரி அட்டவணை போட்டேன், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பள்ளியில் நூலகப் புத்தகத்தை ஒரே மூச்சில் முடிப்பவள் நான். இப்போது ஆசையாக வாங்கிய நாவல் பத்துப் பக்கத்தோடு நிற்கிறது. எங்கள் பாட்டி முப்பது வருஷம் விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். அவர் பேத்திக்கு ஓர் அலாரத்துக்கு எழுந்திருக்க முடியவில்லை. நான் சோம்பேறியா, இல்லை எனக்கு ஏதாவது கவனக் கோளாறா?"

சோம்பேறி இல்லை. வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போய், ஏழாவது நாள் பஸ் ஏறி ஈப்போவுக்கு வகுப்புக்குப் போகிற பெண்ணை அந்த வார்த்தையால் யாரும் சுட்ட முடியாது, நீங்களும் உங்களைச் சுட்டிக்கொள்ள வேண்டாம். கவனக் கோளாறு பற்றி: ஏடிஎச்டி என்று சொல்கிறார்களே, அது உண்மையான நிலைதான், பெரியவர்களுக்கும் உண்டு. ஆனால் அது 27 வயதில் புதிதாக முளைப்பதில்லை. 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது இருந்தனவா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உண்டு என்றோ இல்லை என்றோ நான் சொல்லக் கூடாது. சின்ன வயதிலிருந்தே பள்ளியிலும் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது என்று தோன்றினால் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பதிந்து, மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே கிடக்கிறது, தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் தேர்வுக்காகக் காத்திருக்காமல் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555-க்கு அழைத்துப் பேசுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதையும் நான் காணவில்லை. இருந்தாலும் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனசு வராது.

இப்போது உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். கடிதத்தோடு படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அழகாகக் கோடு போட்டு, மூன்று நிற மையில் எழுதியது. நான்கரைக்கு எழுந்திருத்தல், நாலே முக்காலுக்குப் படிப்பு, ஆறுக்குக் குளியல், ஏழுக்குப் பசியாறல், எட்டிலிருந்து ஐந்து வரை வேலை, இரவு ஒன்பதிலிருந்து பத்தரை வரை மறுபடி படிப்பு, பதினொன்றுக்குத் தூக்கம். இதை இரண்டு மூன்று முறை பார்த்தேன். இதில் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். அப்பா இல்லை, அம்மா இல்லை, தம்பி இல்லை, அறையைப் பங்கு போட்டுக்கொள்ளும் பாட்டி இல்லை. ஆனால் அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒன்பது மணிக்கு என்ன நடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா போடும் டிவி, துணி மடிக்கக் கூப்பிடும் அம்மா, "அக்கா, டாப் அப் போட்டு விடேன்" என்று கதவைத் திறக்கும் தம்பி, முட்டிக்குத் தைலம் தேய்க்கச் சொல்லும் பாட்டி, இடையில் ஆலைப் புலனக் (வாட்ஸ்அப்) குழு, வகுப்புப் புலனக் குழு, கோயில் இளைஞர் குழு. அந்த யூடியூப் காணொளிகளில் பேசுகிறவர்களுக்குத் தனி அறை இருக்கிறது, அறைக்குக் கதவு இருக்கிறது, கதவைச் சாத்தினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நம் வீடுகளில் வயசுக்கு வந்த பெண் கதவைச் சாத்தினாலே "என்ன ஆச்சு?" என்று நாலு பேர் தட்டுவார்கள்.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம்மைப் போன்ற வீடுகளில் கவனம் என்பதை மன உறுதியால் மட்டும் சம்பாதிக்க முடியாது, வீட்டு ஆட்களிடம் வாய் திறந்து கேட்டு வாங்க வேண்டும். நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்காமலேயே கிடைக்கும் என்று நினைத்து, கிடைக்காதபோது உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒன்பதிலிருந்து பத்தரை வரை உட்கார்ந்தும் ஒன்றும் ஏறாததற்குக் காரணம் மர்மமானது இல்லை. 2009-இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் இதை ஆய்வு செய்து எழுதினார்: ஒரு வேலையை முடிக்காமல் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவும்போது மனசின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, புதிய வேலைக்கு முழு மனசும் வருவதில்லை. தம்பிக்கு டாப் அப் போட ஒரு நிமிஷம்தான், சரி. ஆனால் தேய்மானக் கணக்கில் எந்த வரியில் இருந்தீர்கள் என்று தேடிப் பிடித்து மறுபடி உள்ளே போக எத்தனை நிமிஷம்? அதற்குள் அம்மா கூப்பிடுவார். இப்படி ஆறு முறை நடந்தால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தும் உண்மையில் பதினைந்து நிமிஷம்தான் படித்திருப்பீர்கள். களைப்பு மட்டும் ஒன்றரை மணி நேரக் களைப்பு.

சரி, எப்படிக் கேட்பது? ராத்திரி ஒன்பது மணிக்கு, அப்பா டிவி பார்க்கும்போது, எரிச்சலோடு "கொஞ்சம் சத்தத்தைக் குறைங்களேன்" என்று கேட்காதீர்கள், அது சண்டையில் முடியும். ஞாயிறு வகுப்பு முடிந்து வந்து, எல்லாரும் சாப்பிட உட்காரும்போது கேளுங்கள். குறிப்பாகக் கேளுங்கள், எந்தக் கிழமை, எத்தனை மணி, எவ்வளவு நேரம், எது வரைக்கும் என்று. இப்படிச் சொல்லலாம்: "அப்பா, நவம்பர்ல எனக்குப் பரீட்சை. திங்கள், புதன், வெள்ளி மூணு நாளும் எட்டரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் சாப்பாட்டு மேசை எனக்கு வேணும். அந்த ஒரு மணி நேரம் என்னை யாரும் கூப்பிட வேண்டாம். ஒன்பதரைக்கு அப்புறம் துணி மடிக்கிறது, தைலம் தேய்க்கிறது எல்லாம் நான் பார்த்துக்கறேன்." தினமும் ராத்திரி அமைதி வேண்டும் என்று கேட்டால் அது அவர்கள் வாழ்க்கையையே மாற்றச் சொல்வது. வாரத்தில் மூன்று மணி நேரம் கேட்டால் அது கொடுக்கக்கூடிய அளவு. உங்கள் அப்பா குலை வெட்டியவர், இன்றைக்கு இத்தனை நிரை முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்து உழைத்தவர். அளந்து கேட்டால் அவருக்குப் புரியும். என் ஆலோசனை அறைக்கு வரும் பிள்ளைகளில் பலர் "எங்கள் வீட்டில் ஒத்துக்கவே மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய், கேட்டுப் பார்த்த பிறகு ஆச்சரியத்தோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். பெற்றோருக்கு மகள் படிப்பதில் பெருமைதான். படிக்க என்ன தேவை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

எல்லா வீட்டிலும் இது நடந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு முறை கேட்டும் நடக்கவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். பக்கத்து வீட்டு அத்தையின் முன்கூடம், கோயில் மண்டபம், வேலை முடிந்ததும் ஆலை அலுவலகத்திலேயே ஒரு மேசை, எதுவாக இருந்தாலும் சரி. மேனேஜரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். ஆனால் ராத்திரி தனியாக மோட்டாரில் திரும்ப வேண்டியிருக்கும், அதையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

ஏன் மூன்று நாள், ஏன் ஒரு மணி நேரம் மட்டும் என்று கேட்பீர்கள். பாட்டியை இழுத்தது நீங்கள்தான், அதனால் பாட்டியையே கேளுங்கள், பால் மரத்தை எப்படி வெட்டினார் என்று. உளியால் பட்டையை மெல்லிசாக, ஒரு சீவல்தான் சீவுவார்கள். கொஞ்சம் ஆழமாகப் போய்க் கட்டையில் பட்டால் மரத்துக்குக் காயம், தண்டலிடம் (மேற்பார்வையாளரிடம்) திட்டு. ஒரே மரத்தைத் தினமும் வெட்டவும் மாட்டார்கள், பொதுவாக ஒருநாள் விட்டு ஒருநாள். பேராசைப்பட்டு ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். அளவோடு வெட்டிய மரம் இருபது வருஷத்துக்கு மேல் பால் கொடுக்கும். (உங்கள் பக்கத்து ஊர் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ஒரு ரப்பர் மரம் இன்னும் நிற்கிறதே, போகிற வழியில் பார்த்திருப்பீர்கள்.) நீங்கள் போட்ட அட்டவணை ஒரு நாளைக்கு இரண்டே முக்கால் மணி நேரம், வாரம் ஏழு நாளும். முதல் வாரமே வறண்டு போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இன்னொன்றையும் பாட்டியிடம் கேளுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கப் போனார்? விடியுமுன் எழுந்தது அலாரத்தின் பெருமைக்காக இல்லை, வெயில் ஏறுவதற்கு முன் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும், வெயில் வந்தால் குறைந்துவிடும். வேலைக்கு அந்த நேரம் தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மின்சாரம் ராத்திரி சில மணி நேரம்தான். விளக்கு அணைந்தால் ஊரே தூங்கிவிடும். நீங்கள் பதினொன்றுக்குப் படுத்து, பன்னிரண்டு வரை கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்துவிட்டு (இதுவும் நீங்கள் எழுதியதுதான்) நான்கரைக்கு எழுந்தால் நாலரை மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கத்தைத் திருடிப் படித்தது மண்டையில் நிற்காது. நான்கரை மணி அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். அதில் தோற்றதாக இனி நினைக்கவே நினைக்காதீர்கள்.

கைப்பேசி. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த ஒரு மணி நேரம் அது நீங்கள் இருக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. 2017-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எட்ரியன் வார்ட் குழு நடத்திய ஆய்வில், கைப்பேசி அமைதியாக மேசைமேல் கிடந்தாலே சிந்தனை வேலையில் கொஞ்சம் குறைவு தெரிந்தது, வேறு அறையில் வைத்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகளில் அந்த விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு ஆய்வைவிட உங்கள் கடிதமே போதும்: "மெசேஜ் வந்ததா என்று பார்க்க எடுப்பேன், வைக்கும்போது இருபது நிமிஷம் போயிருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். டேட்டாவை அணைத்து, மணிச் சத்தத்தை மட்டும் விட்டு, சமையலறையில் ஐஸ்பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு வாருங்கள். ஆலையில் அவசரம் என்றால் போன் அடிப்பார்கள், புலனத்தில் எழுத மாட்டார்கள். அடித்தால் அம்மா எடுத்துச் சொல்வார்.

இப்போது அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன செய்வது. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு "இன்றைக்கு என்ன படிக்கலாம்?" என்று யோசித்தால் கால் மணி நேரம் புரட்டுவதிலேயே போய்விடும். முந்தின நாளே ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள். "கணக்கு படிக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள், "வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, கடந்த வருஷத் தாளின் மூன்றாம் கேள்வி" என்று எழுதுங்கள். எட்டரைக்கு உட்கார்ந்தால் அந்தக் கேள்வி, அவ்வளவுதான். இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டால் மீதி நேரம் அதையே இன்னொரு எண் வைத்துப் போட்டுப் பாருங்கள், புது அத்தியாயத்துக்குத் தாவ வேண்டாம்.

அப்புறம், நீங்கள் படிக்கும் விதத்தை மாற்றச் சொல்வேன். பாடப்புத்தகத்தை மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப வாசிக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், தேர்வு அறையில் கைவிட்டுவிடும். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் வாசித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ், மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் நிறைய நினைவில் நின்றது. உங்கள் தேர்வு ஐந்து நிமிஷத்தில் இல்லை, நவம்பரில். அதனால் ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெறுந்தாளில் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் நீங்கள் படிக்க வேண்டிய இடம். பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறது, பாதி புரிகிறது பாதி புரியவில்லை என்றும் சொல்லியிருந்தீர்கள். எழுதிப் பார்ப்பதைத் தமிழிலேயே எழுதுங்கள், பற்று வரவு ஏன் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்வது மாதிரி. தமிழில் சொல்ல முடிந்தது புரிந்தது. தேர்வுக்கு முன் கடைசி ஆறு வாரம் மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால் போதும்.

வேலை இடத்தில் லோரிக்கும் லோரிக்கும் நடுவே படிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை என்றீர்களே, அதைப் பற்றி. நீங்கள் எழுதியதிலிருந்து அந்த இடம் எனக்குக் கண்ணில் தெரிகிறது: லோரி மேடையில் ஏறுகிறது, எண் நிற்கும்வரை காத்திருந்து எடையைப் பதிகிறீர்கள், டிரைவர் சன்னலில் கை நீட்டித் தோட்டத்துச் சீட்டைக் கொடுக்கிறார், லோரி குலையைக் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பி வந்து மறுபடி ஏறுகிறது, கழித்து வரும் எடைக்குச் சீட்டு அடித்துக் கொடுக்கிறீர்கள். அடுத்த லோரி எப்போது வரும் என்று தெரியாது. பழம் அதிகமாக விழும் மாதங்களில் வரிசை ஆலை வாசல் வரை நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் புது அத்தியாயம் படிக்கவே கூடாது, காது எப்போதும் இஞ்சின் சத்தத்துக்குக் காத்திருக்கும். அந்தப் பத்து நிமிஷங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. சின்னச் சின்ன அட்டைகளில் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் எழுதி ஒரு ரப்பர் பேண்டில் கட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். லோரி இல்லாதபோது ஓர் அட்டையை எடுங்கள், பின்பக்கம் பார்க்காமல் பதில் சொல்லுங்கள், திருப்பிப் பாருங்கள். பாதியில் லோரி வந்தால் போகட்டும், ஓர் அட்டை அரை நிமிஷ வேலைதான், அறுந்து போக ஒன்றும் இல்லை. எடையைத் தப்பாகப் பதிந்தால் சம்பளத்துக்கும் பெயருக்கும் கேடு, அதனால் வரிசை நிற்கும் நாளில் அட்டைகளைத் தொடவே வேண்டாம்.

இனி அந்தப் பத்துப் பக்கத்தோடு நிற்கும் நாவல். கடிதத்தில் இது இரண்டே வரி, ஆனால் எனக்கு இதுதான் அதிகம் உறைத்தது. படிப்பு தேர்வோடு முடிந்துவிடும். வாசிப்பு உங்களோடு கிழவியாகும்வரை வர வேண்டியது. "வருஷத்துக்கு ஐம்பது புத்தகம்" என்று சவால் போடுகிறவர்களைப் பார்த்து மலைக்காதீர்கள், எண்ணிக்கைக்காக வாசித்தால் மெல்லிசான புத்தகமாகத் தேடத் தொடங்கிவிடுவீர்கள். முன்னேற்றப் புத்தகங்களையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள் என்றே சொல்வேன். நாள் முழுக்க உங்களை நீங்களே அளந்துகொண்டிருக்கிறீர்கள், ராத்திரி புத்தகமும் வந்து அளக்க வேண்டாம். கதை வாசியுங்கள். தமிழில் வாசியுங்கள். வாசிப்பு விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது, அதனால் தடித்த நாவலில் தொடங்காமல், நம் நாட்டு எழுத்தாளர்களின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுங்கள். ஒரு கதை ஒரு ராத்திரியில் முடியும், முடித்தோம் என்ற நிறைவு உடனே கிடைக்கும். இருபது முப்பது பக்கம் போயும் பிடிக்கவில்லை என்றால் மூடிவிட்டு வேறு எடுங்கள், காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்று ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். வாங்க முடியாத மாதத்தில் ஈப்போ துன் ரசாக் நூலகம் இருக்கிறது, ஞாயிறு திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே வாசிப்பது? பாட்டி அறையில், பாட்டிக்கே. சத்தமாக. செவ்வாயும் வியாழனும், படுப்பதற்கு முன் இருபது நிமிஷம். பாட்டிக்குத் தூக்கம் வருவதில்லை, ராத்திரி முழுக்க ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அலுத்துக்கொண்டிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது. தோட்டங்களில் எழுத்து தெரிந்த ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்ற தமிழ் நேசன் எத்தனையோ பேருக்கு இப்படிக் காது வழியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் பாட்டி கட்டாயம் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். கேட்டுப் பாருங்கள். சத்தமாக வாசிக்கும்போது மனசு அலைய முடியாது, கண் ஒரு வரியைத் தாண்டினால் நாக்கு தடுக்கும், கேட்கிற ஆள் "அப்புறம்?" என்பார். நீங்கள் தொலைத்துவிட்டதாக நினைக்கும் கவனம் அந்த "அப்புறம்?" என்ற கேள்விக்குத் திரும்பி வரும். தோட்டத்துக் கதையாக இருந்தால் பாட்டி நடுவில் நிறுத்தி, "அதெல்லாம் அப்படி இல்லடி, கங்காணி வேற மாதிரி பேசுவாரு" என்று திருத்தவும் செய்வார், அந்தத் திருத்தம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அந்த இரண்டு நாளும் தைலம் தேய்க்கும் நேரமும் இதுவாகவே இருக்கட்டும். படுக்கையில் கைப்பேசி பிடித்திருந்த நேரம்தான் இந்த இருபது நிமிஷம், புதிதாக எங்கிருந்தும் எடுக்கவில்லை. தேர்வுப் படிப்பு மூன்று நாள், வாசிப்பு இரண்டு நாள், சனி எதுவும் இல்லை. சனிக்கிழமை பாசார் மாலாம் (இரவுச் சந்தை) போங்கள், தோழிகளைப் பாருங்கள்.

"21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்கிறார்களே, எனக்கு ஏன் வரவில்லை?" என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த 21 நாள் கணக்கு 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழக எவ்வளவு நாள் ஆகிறது என்று கவனித்து எழுதியதிலிருந்து கிளம்பியது. குறைந்தது 21 நாள் என்றுதான் எழுதினார், அது ஊர் ஊராகப் போய் 21 நாள் போதும் என்று ஆகிவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்து உண்மையிலேயே பார்த்தபோது, ஒரு செயல் தானாக வரும் நிலைக்கு நடுத்தரமாக 66 நாள் என்று கணக்கு வந்தது, சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை போகும். அதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: நடுவில் ஒருநாள் தவறினால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு இல்லை. ஆலையில் ஓவர்டைம் வந்து ஒரு புதன் போய்விட்டதா, போகட்டும், வெள்ளிக்கிழமை எட்டரைக்கு உட்காருங்கள். விட்டதைச் சேர்த்து இரண்டு மணி நேரம் உட்கார வேண்டாம். தீபாவளி வாரத்தில் பலகாரம் சுடும் வீட்டில் மேசை கிடைக்கவே கிடைக்காது, அந்த வாரத்தை இப்போதே கழித்துவிடுங்கள். நவம்பர் தேர்வுக்கு ரொம்பக் கிட்டத்தில் வருகிறது, அதனால் அட்டைகளை அதற்கு முன்பே எழுதி முடித்துவிடப் பாருங்கள்.

இந்த ஞாயிறு வகுப்பிலிருந்து திரும்பும் பஸ்ஸிலேயே திங்கட்கிழமைக்கான அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் பேசுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதும்போது எத்தனை பக்கம் படித்தீர்கள் என்பதைக் கடைசியில் சொன்னால் போதும். அப்பா என்ன சொன்னார், மேசை கிடைத்ததா, கிடைக்கவில்லை என்றால் எந்த நாளில் எதனால் தடுமாறியது என்பதை விவரமாக எழுதுங்கள். நேரத்தை மாற்றுவதா, இடத்தை மாற்றுவதா, இல்லை அம்மாவிடம் தனியாக ஒரு முறை பேசுவதா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர் அக்கா